ஏழு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம்

டேவிட் மார்ஷலை என் அப்பா பார்த்தது 1955-ல், சிங்கப்பூர் எம்பிரஸ் பிளேசில் ஒரு மரத்தடியில். அப்பா அப்போது போட் கீ ஆற்றங்கரையில் தொங்கான் என்ற சரக்குப் படகிலிருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேவனா பாலத்தைத் தாண்டினால் அந்த மரம் வந்துவிடும். 'பழைய ஆப்பிள் மரம்' என்று அதற்குப் பெயர். பெயர்தான் அப்படி, ஆப்பிள் மரமெல்லாம் இல்லை. தேர்தல் நேரம். மார்ஷல் அதன் கீழே நின்று பேசுவார், ஆபீஸ் ஆட்களும் கூலியாட்களும் கலந்து நின்று கேட்பார்கள்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "ஒரு வார்த்தை புரியல. ஆனா அந்தப் புருவம் இருக்கே, அதுவே பாதி பேசிடும்" என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு கம்பளிப்பூச்சி போல அடர்ந்த புருவம் அது. வாயில் பைப். நான் சிறுமியாக இருந்தபோது அப்பா அதை நடித்துக் காட்டுவார். பைப்புக்குப் பதில் பேனா.

அந்தத் தேர்தலில் ஜெயித்து மார்ஷல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் ஆனார். பதினான்கு மாதம்தான். தன்னாட்சி கேட்டு லண்டன் போன பேச்சுவார்த்தை தோற்றதும், சொன்ன சொல்லைக் காப்பாற்றி 1956 ஜூனில் பதவியை விட்டார். அந்தப் பதினான்கு மாதத்துக்குள் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, மக்கள் நேரே வந்து குறை சொல்லும் சந்திப்பு. இன்று வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீட்டு புளோக்கின் கீழ்த்தளத்தில் நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்க நம்பர் வாங்கி உட்காருகிறோமே, அதன் தொடக்கம் அவர்தான். இன்னொன்று, சட்டமன்றத்தில் ஆங்கிலத்தோடு மலாயிலும் மாண்டரினிலும் தமிழிலும் பேசலாம் என்று 1956-ல் முடிவானது.

ஆனால் நான் எழுத வந்தது அரசியல்வாதி மார்ஷலைப் பற்றி இல்லை, வக்கீல் மார்ஷலைப் பற்றி.

நான் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் 31 ஆண்டு எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கோப்பு கட்டுவது, தேதி குறிப்பது, பிரமாணப் பத்திரம் தட்டச்சு செய்வது, வாசலில் அழுதுகொண்டு நிற்கும் தமிழ்க் குடும்பத்துக்கு வக்கீல் சொன்னதைத் தமிழில் சொல்வது. கடைசியாகச் சொன்னது என் வேலைப் பட்டியலில் இல்லை, ஆனால் அதைத்தான் அதிகம் செய்தேன். அங்கே மூத்த வக்கீல்கள் மார்ஷலைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். 1908-ல் சிங்கப்பூரில், பாக்தாதிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் சட்டம் படித்து 1937-ல் திரும்பினார். போரில் ஜப்பானியரிடம் கைதியாகி ஹொக்கைடோ வரைக்கும் கொண்டுபோகப்பட்டவர். அப்புறம் கொலை வழக்குகள். நூறு வழக்குகளில் 99 பேரை விடுவித்ததாக அவரே சொன்னதுண்டு.

அந்த வழக்குகள் எல்லாம் ஜூரி முன்னால் நடந்தவை. இங்கேதான் என் விஷயம் தொடங்குகிறது.

சிங்கப்பூரில் ஜூரி இருந்தது என்பதே இன்று பல பேருக்குத் தெரியாது. 1826-ல் ஆங்கிலேயச் சட்டத்தோடு வந்தது. நீதிபதி சட்டத்தைச் சொல்வார். செய்தானா இல்லையா என்று முடிவு சொல்வது ஜூரி. கடைசிக் காலத்தில் ஏழு பேர், சாதாரண ஆட்கள், நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார்கள். 1960-ல் மரண தண்டனைக்குரிய வழக்குகளுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். 1969-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பின் அப்படிப்பட்ட வழக்குகளை இரண்டு நீதிபதிகள் சேர்ந்து விசாரித்தார்கள். 1992-லிருந்து ஒரு நீதிபதி.

எடுக்கக் கூடாது என்று நாடாளுமன்றத் தெரிவுக் குழு முன்னால் போய் நின்று வாதாடியவர் மார்ஷல். எதிர்ப்பக்கம் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ. அவரும் சும்மா சொல்லவில்லை. இளம் வக்கீலாக, ஒரு டச்சுச் சிறுமி யாரிடம் வளர்வது என்ற வழக்கால் 1950-ல் மூண்ட மரியா ஹெர்டோக் கலவரத்தையொட்டிய கொலை வழக்கொன்றில் நான்கு பேருக்காக ஜூரி முன் வாதாடியவர் அவர். கொலைக் குற்றச்சாட்டிலிருந்து அவர்கள் தப்பினார்கள். தன் பேச்சுத் திறமையால் ஆட்களின் மனதை அசைக்க முடிந்ததைப் பார்த்து, ஜூரி முறை மீதே நம்பிக்கை போனதாகப் பின்னாளில் சொன்னார். நேர்மையான காரணம். ஒரு மார்ஷல் கிடைத்தவன் தப்புவான், கிடைக்காதவன் மாட்டுவான் என்றால் அது நீதியா என்ற கேள்வியை நான் லேசாக ஒதுக்க மாட்டேன்.

ஜூரி திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மார்ஷல் எதற்காக அவ்வளவு மல்லுக்கட்டினார் என்று யோசித்துப் பார்க்கிறேன். தெருவில் போகிற ஆளை உட்காரவைத்து, பொறுமையாகச் சொல்லி, யோசிக்க நேரம் கொடுத்தால் அவன் நியாயம் சொல்வான் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைத்தான் அவர் விட்டுப்போன சொத்தாக நான் நினைக்கிறேன். தேசியப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் சட்டப் பேராசிரியர் பதவி இருக்கிறது. நல்லது, அது சட்டம் படிக்கிறவர்களுக்கு. தெருவில் போகிற ஆளுக்கு என்ன வைத்திருக்கிறோம்?

இதில் இன்னொரு சங்கதி, எனக்கு நெஞ்சில் தைத்தது. அந்த ஜூரியில் உட்கார ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். அப்படியென்றால் மரத்தடியில் நின்று மார்ஷலைக் கேட்ட என் அப்பா, அவர் நம்பிய அந்தச் சாதாரண ஆள், அந்த ஏழு நாற்காலியில் ஒன்றில்கூட உட்கார்ந்திருக்க முடியாது. ஜூரி முறை இருந்த காலத்திலும் தமிழ் மட்டும் தெரிந்தவனுக்கு அங்கே இடம் கூண்டில் இருந்தது, நாற்காலியில் இல்லை.

கூண்டு என்றதும் என் சித்தப்பா ஞாபகம் வந்துவிடுகிறது. 1974. ஒரு வேலையிடத்தில் செப்புக் கம்பிச் சுருள் காணாமல் போய், அது சித்தப்பாவின் சைக்கிளுக்குப் பக்கத்தில் கிடைத்தது. அவர் எடுக்கவில்லை. யார் எடுத்தது என்று பின்னால் எங்களுக்குத் தெரியவும் வந்தது, அது வேறு கதை. கோர்ட்டுக்குப் போகும் முன் தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார்: "ஒத்துக்கிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும். இல்லாட்டி இழுப்பாங்க, சம்பளம் போயிரும்." சித்தப்பா ஒத்துக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் சரியாகத்தான் மொழிபெயர்த்தார். புரிகிறதா என்று கேட்டதற்கு இவர் புரிகிறது என்றும் தலையாட்டிவிட்டார். யாரும் அவரை மிரட்டவில்லை. இரண்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஒரு கல்யாணம் கருமாதிக்கும் முன்வரிசையில் உட்காரமாட்டார். மொய் எழுதிவிட்டு வாசல் பக்கமே நிற்பார்.

'விசாரணை கோருகிறேன்' என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். செய்யாததைச் செய்யவில்லை என்று சொல்லும் உரிமை தனக்கு இருக்கிறது, நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பு, தான் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. வீட்டில் எங்கள் யாருக்கும் தெரியாது.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, ஈசூன் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை அறை கேட்டு வாங்கினேன். அலுவலகத்தில் பழக்கமான இரண்டு இளம் வக்கீல்கள், தமிழ்ப் பிள்ளைகள், முறைபோட்டு வருகிறார்கள். சட்ட வகுப்பு என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரியும். "நியாயம் பேசலாம் வாங்க" என்று நோட்டீஸ் ஒட்டினோம். முதல் மாதம் நான்கு பேர், அதில் ஒருவர் யோகா வகுப்பு என்று நினைத்து வந்தவர். அவர் இன்னும் வருகிறார்.

முதல் சில மாதங்கள் சொற்களோடுதான் போனது. பிணை என்றால் என்ன, எச்சரிக்கை என்றால் என்ன, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும் முன் அதைப் படித்துக் காட்டச் சொல்லலாமா. இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, இன்னும் தீர்ப்பே வரல, அதுக்குள்ள ஏன் அதுக்கு குற்றவாளிக் கூண்டுன்னு பேரு?"

எனக்குச் சுருக்கென்றது. 31 வருடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். ஒருநாளும் தோன்றவில்லை. நம் பேச்சிலேயே ஆளைக் கூண்டில் ஏற்றும்போதே குற்றவாளியாக்கிவிடுகிறோம். 'குற்றஞ்சாட்டப்பட்டவர்' என்று செய்தித்தாள் கவனமாகத்தான் எழுதுகிறது. நாம் காப்பிக்கடையில் பேசும்போது "திருடனைப் பிடிச்சுட்டாங்க" என்போம். அன்றிலிருந்து எங்கள் அறையில் 'வழக்குக் கூண்டு' என்றுதான் சொல்கிறோம். அகராதி ஏற்குமோ என்னவோ, எங்களுக்குப் பழகிவிட்டது.

ஒரு மாதம் எல்லோரையும் பழைய உச்ச நீதிமன்றத்துக்கு அழைத்துப்போனேன். 1939-ல் திறந்த கட்டடம், இப்போது பக்கத்து சிட்டி ஹாலோடு சேர்த்து நேஷனல் கேலரி. அடிக்கல்லுக்குக் கீழே 1937-ன் செய்தித்தாள்களும் நாணயங்களும் புதைத்திருக்கிறார்கள், 3000-ஆம் ஆண்டில்தான் எடுக்க வேண்டுமாம். பிள்ளைகள் அங்கே நின்று விரல்விட்டுக் கணக்குப் போட்டார்கள். பெரியவர்கள் நின்றது வேறு இடத்தில். வழக்குக்கு வந்தவர்களை அடைத்துவைத்த அறைகளில் இரண்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். குறுகலான அறை. எங்களோடு வந்த சரோங்கடை அம்மா உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு மறுபடி உள்ளே போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை. சரி, அவருக்கு ஏதோ இருக்கிறது.

திரும்பி வரும்போது எம்ஆர்டியில் மார்ஷலைப் பற்றிச் சொன்னேன். "ஏழு பேரா? ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியா?" என்றார் 78 வயதுப் பாட்டி. மன்னார்குடிப் பக்கத்தில் பிறந்து, 19 வயதில் கட்டிக்கொடுத்து இங்கே வந்தவர். கொஞ்சம் மாதிரிதான், ஆனால் பஞ்சாயத்தில் யார் உட்காரலாம் என்று சாதி முடிவு செய்தது என்றேன். "ஆமா, எங்கப்பாவெல்லாம் அங்க நின்னுக்கிட்டேதான் பேசணும்" என்றார் பாட்டி. அப்புறம் ஈசூன் வரும்வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும் கேட்டார்: "நம்ம ஏழு பேரு உக்காந்து பாக்கலாமா?"

மனுநீதிச் சோழன் கதையை நாம் எல்லோரும் குழந்தைக்குச் சொல்கிறோம். கன்றை இழந்த பசு மணியடிக்கும், ராஜா மகனையே தேர்க்காலில் இடுவார். அழகான கதை. அந்தக் கதையில் குடிமக்களின் வேலை மணியடிப்பதோடு முடிந்துவிடுகிறது என்று எனக்கு அன்று ரயிலில்தான் பட்டது. ராஜா நல்லவராக இருந்தால் நியாயம் கிடைக்கும். பாட்டி கேட்டது மணி இல்லை, நாற்காலி.

அடுத்த மாதம் ஏழு நாற்காலி போட்டோம். வழக்கை நானே எழுதினேன். ஒரு மளிகைக் கடை. இரவு கடை அடைத்த பையன் பெயர் குமார் என்று வைத்துக்கொண்டோம். காலையில் கல்லாவில் 400 வெள்ளி (டாலர்) குறைகிறது. குமார் பையில் 350 வெள்ளி இருக்கிறது. ஊருக்கு அனுப்பச் சேர்த்த சம்பளம் என்கிறான். கேமரா அன்று ஓடவில்லை. கடைச் சாவி இன்னொருவரிடமும் உண்டு. வக்கீல் பிள்ளைகளில் ஒருவர் அரசுத் தரப்பு, இன்னொருவர் குமார் தரப்பு.

நாற்காலியில் பாட்டி, ஒரு தாதி, பாதுகாவல் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், அந்தக் கல்லூரி மாணவி, அவள் தோழன், சரோங்கடை அம்மா, புதுக்கோட்டையிலிருந்து வந்து கட்டுமான வேலை பார்க்கும் தம்பி. வாதம் அரை மணி. கைதூக்கச் சொன்னேன். நாலைந்து பேராவது குற்றவாளி என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஏழு பேரும் விடுதலை என்றார்கள்.

ஏன் என்று கேட்டால், "பாவம்க்கா, சின்னப் பையன்." "வேலை போயிடும், ஊருல கடன் இருக்கும்." "முதலாளிக்கு 400 வெள்ளி ஒரு காசா?"

லீ குவான் யூ சொன்னது இதைத்தானே என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். பேசியது புதுக்கோட்டைத் தம்பி. அதுவரைக்கும் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. பாவம்னு விட்டீங்கன்னா, எடுத்தான், ஆனா போகட்டும்னு அர்த்தம் ஆவுது. அவன் எடுக்கலைன்னா அது அவனுக்கு அவமானம்ல? நாளைக்கு எந்தக் கடையில சேப்பாங்க?"

அறை அடங்கிவிட்டது. என் கண்ணுக்கு முன்னால் சித்தப்பா கல்யாண மண்டபத்து வாசலில் நின்றார். நான் அந்தக் கதையை இவர்களிடம் அதுவரை சொன்னதே இல்லை.

பாட்டிதான் மறுபடி ஆரம்பித்தார். "அப்ப பாவம்ங்கறத எடுத்து அந்தப் பக்கம் வச்சிருவோம். எடுத்தானா இல்லியா, அத மட்டும் பேசுவோம்." அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை நான் எந்தக் கோர்ட்டிலும் பார்த்ததில்லை. கல்லாவில் என்னென்ன நோட்டு இருந்தது என்று பாதுகாவல் அண்ணன் கேட்டார். கடைக்கல்லா என்றால் இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி கலந்து இருக்கும், பையில் இருந்தது எல்லாம் ஐம்பது என்றால் அது சம்பளக் காசாக இருக்கலாம் என்றார். சம்பளம் வங்கியில் போடுகிற காலத்தில் பையில் ஏன் ரொக்கம் என்று மாணவி மடக்கினாள். "ஞாயித்துக்கிழமை தேக்காவுல அனுப்ப எடுத்து வச்சிருப்பேன், நானும் அப்படித்தான்" என்றார் தம்பி. உன் கதை வேறு, குமார் கதை வேறு என்று தாதி குறுக்கே வந்தார். இன்னொரு சாவிக்காரரை ஏன் யாரும் விசாரிக்கவில்லை என்று சரோங்கடை அம்மா விடாமல் கேட்டார்.

'நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி' என்ற சட்டச் சொல்லை வக்கீல் பிள்ளை இரண்டு தடவை விளக்கிப் பார்த்தார். தலையாட்டினார்களே தவிர ஏறவில்லை. பாட்டி தன் பாஷையில் கேட்டார்: "ராத்திரி படுத்தா மனசு உறுத்துமா உறுத்தாதா, அதானே?" வக்கீல் பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, கிட்டத்தட்ட அதேதான் பாட்டி, ஆனால் உறுத்தலுக்கு ஒரு காரணம் சொல்லத் தெரிய வேண்டும் என்றார். அது எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொருவரும் "எனக்கு உறுத்துது, ஏன்னா..." என்று ஆரம்பித்தார்கள்.

ஐந்து மணிக்கு யோகா வகுப்புக்காரர்கள் பாயோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். ஓட்டெடுப்பு ஐந்துக்கு இரண்டு. ஐந்து பேர் விடுதலை என்றார்கள், இந்தத் தடவை காரணத்தோடு. இரண்டு பேர் ஒப்பவில்லை, அவர்களிடமும் காரணம் இருந்தது. கீழே காப்பிக்கடையில் தே தாரிக் வாங்கிக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் போனது.

அங்கேதான் தம்பி மெதுவாகத் தன்னோடு தங்கியிருக்கும் ஒருவருக்கு வந்திருக்கும் ஒரு வழக்கைப் பற்றிக் கேட்டார். ஒவ்வொரு மாதமும் இப்படித்தான், விளையாட்டு வழக்கு முடிந்ததும் நிஜ வழக்கு மேசைக்கு வரும். நாங்கள் சொல்லக்கூடியது, எங்கே போகலாம் என்பதைத்தான். சட்ட உதவிக்கான சட்டம் இங்கே 1956-ல் வந்தது, அரசின் சட்ட உதவி அலுவலகம் 1958-லிருந்து நடக்கிறது. அது குடும்பம், கடன், சொத்து போன்ற சிவில் விவகாரங்களுக்கு. குற்றவியல் வழக்கென்றால் வழக்கறிஞர் சங்கம் 1985-ல் தொடங்கிய இலவச உதவித் திட்டம் உண்டு. 2022 டிசம்பரிலிருந்து அரசே பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் நடத்துகிறது, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும், வருமானம் பார்த்து. மரண தண்டனை வழக்கென்றால் யாராக இருந்தாலும் வக்கீல் ஏற்பாடு செய்து தருவார்கள். இதையெல்லாம் ஒரு தாளில் தமிழில் அடித்து வைத்திருக்கிறேன், மடித்துச் சட்டைப் பையில் வைக்கிற அளவு. தம்பி மூன்று தாள் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுப்பு, அன்று சனிக்கிழமை கெஞ்சி வாங்கி வந்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அடுத்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற அறை கேட்டு எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பாட்டி போன் செய்தார். அந்த இரண்டு ஓட்டில் ஒன்று அவருடையது.

"ஏம்மா, கடை அடைச்சதுக்கப்புறம் கல்லாவ எண்ணுனது யாரு? குமாரா, மொதலாளியா? அதக் கேக்காமலே விட்டுட்டோமே."

நான் அதை எழுதவே இல்லை, பாட்டி என்றேன்.

"எழுதிட்டு வா" என்று சொல்லி வைத்துவிட்டார்.